‘மாடு சுகம்’ என்ற வரியோடு நிறுத்தியிருக்கலாம்

கேள்வி:

எனக்கு 63 வயது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பில் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். 1983இல் என் முதல் கதை ஒரு வார இதழில் வந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் மொத்தம் பதினொரு கதைகள். பிறகு அஞ்சலக வேலை, திருமணம், பிள்ளைகள், மாமியாரின் நோய் என்று எழுத்து நின்றுபோனது. ஓய்வு பெற்றதும் எழுதலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். 2022இல் ஓய்வும் பெற்றேன். இப்போது நேரம் இருக்கிறது, கதை வரவில்லை. ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம், அதோடு கை நின்றுவிடுகிறது. அன்று ஒரே இரவில் பன்னிரண்டு பக்கம் எழுதிய கை இது. எழுத்தின் மேல் இருந்த ஆசை வற்றிவிட்டதா? கைபேசியிடம் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்கிறான் மகன். எனக்குப் பேனா இல்லாமல் ஒரு வரி ஓடாது. ஒரு பதிப்பாளர் என் பழைய கதைகளை முந்நூறு பிரதி போடலாம் என்கிறார். என் இரண்டு மாத ஓய்வூதியத் தொகையைக் கேட்கிறார். என்ன செய்யட்டும்? என் எழுத்தில் இரண்டை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது உங்கள் தாள்கள்தான். ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டு, கூடவே தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் வைத்திருக்கிறீர்கள். பத்திரிகையில் உதவி ஆசிரியராகவும் பிறகு பதிப்பகத்தில் பிரதி திருத்துபவனாகவும் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த உறைகளில் ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்ற சீட்டைச் செருகிச் செருகியே விரல் தேய்ந்தது. இப்போதெல்லாம் அப்படி உறை வைப்பவர் மாதத்துக்கு ஒருவர்கூட இல்லை. கை மறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மற்றதைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய இரண்டில் முதலாவது, 1984இல் அச்சான கதையை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றி எழுதியது. மன்னிக்க வேண்டும், அதைக் கெடுத்துவிட்டீர்கள். பழைய கதையில் அந்தப் பெண் ஒரு இன்லண்டு கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்பதும், அவர் வீட்டைக் கடந்து போய்விடுவதும், மறுநாள் மறுபடி கேட்பதும்தான் கதையே. புதிய வடிவத்தில் அவள் வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நாள் தாமதத்தின் மேல் கட்டிய வீடு அது. தாமதத்தை உருவிவிட்டால் சுவர் எங்கே நிற்கும்? அவன் படித்துவிட்டான் என்பது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறதே. இருபத்திரண்டு வயதுப் பெண் எழுதிய கதையை அறுபத்து மூன்று வயதுப் பெண் திருத்த உரிமை கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் நோட்டில் இன்னொருவர் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பதினொரு கதைகளையும் வெட்டியெடுத்து, அமிலமில்லாத உறையில் போட்டு, பீரோவில் வையுங்கள். எழுத்துப்பிழை தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

இரண்டாவது ஒன்றரைப் பக்கம். ‘இது கதையில்லை, சும்மா குறிப்பு’ என்று தலையில் எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் மூன்று முறை படித்தேன்.

வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மூதாட்டி மாதா மாதம் முதல் வாரத்தில் அஞ்சலகத்துக்கு வருவார். சிறையில் இருக்கும் மகனுக்கு மணியார்டர். படிவத்தை நிரப்பித் தருவது நீங்கள். அந்தக் காலத்து மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இடம் இருந்தது, நான்கு வரிக்கு மேல் கொள்ளாது. தபால்காரர் பணத்தோடு அதைக் கிழித்துக் கொடுப்பார். ‘என்ன எழுதட்டும் பாட்டி?’ என்று நீங்கள் கேட்பீர்கள். ‘மாடு சுகம் என்று போடு தாயி’ என்பார். ஒவ்வொரு மாதமும் அதே செய்தி. ஒரு சித்திரையில் அந்த மாடு செத்துப்போகிறது. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். அடுத்த மாதம் அவர் வருகிறார். என்ன எழுதட்டும் என்று கேட்கிறீர்கள். ‘மாடு சுகம் என்று போடு தாயி.’ எழுதினீர்கள்.

இதை 1984இல் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். மகன் விடுதலையாகி வருவான். காலித் தொழுவத்தைப் பார்ப்பான். மழை பெய்யும். பன்னிரண்டு பக்கம் நிறைந்திருக்கும், வார இதழும் படம் போட்டு வெளியிட்டிருக்கும். இன்று உங்கள் கை ஒன்றரைப் பக்கத்தில் நின்றதற்குக் காரணம், சொல்ல வேண்டியது அங்கே முடிந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வருடம் நான்கு வரிக்குள் ஒரு குடும்பத்தின் மாதத்தை அடக்கிப் பழகிய கை அது. எழுதவே இல்லை என்கிறீர்களே, அந்தப் படிவங்களில் எத்தனை ஆயிரம் செய்திகள் எழுதியிருப்பீர்கள் என்று என்றாவது கணக்குப் போட்டதுண்டா?

ஒரு குறை சொல்ல வேண்டும். ‘எழுதினேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: தாய்ப்பாசம் பொய்யையும் புனிதமாக்கும் என்று. அந்த இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள். அது அந்த மூதாட்டியின் குரலும் இல்லை, கவுண்டரில் இருந்த உங்கள் குரலும் இல்லை. வார இதழ் வாசகரை நினைத்துப் பயந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல். அவளுக்குத்தான் இன்னமும் சந்தேகம், படிப்பவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று.

ஆசை வற்றியதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னையே எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் எனக்கு எழுத்தின் மேல் இருந்தது அச்சில் பெயர் பார்க்கும் வெறி. அதை மறைப்பதில் பயனில்லை. என் முதல் கவிதை வந்த இதழை ஊரிலிருந்த மூன்று கடைகளிலும் வாங்கினேன், கடைக்காரர்களுக்கு நான் யாரென்று தெரியும்படி. முப்பது வயதில் அது போய்விட்டது. அடுத்தவர் பிரதியில் ஒரு தேவையில்லாத சொல்லை எடுக்கும்போது வாக்கியம் நிமிர்ந்து நிற்கும் பாருங்கள், அந்தச் சுகம் பிடித்துக்கொண்டது. கவிதை எழுதுவது நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒருநாள் மனைவி கேட்டபோதுதான் உறைத்தது, எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அன்று இரவு உங்களைப் போலவே நானும் பயந்தேன். பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதே போல ஒன்று எழுதிப் பார்த்தேன். இறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. இப்போது கண்புரை அறுவைக்குப் பிறகு, காலையில் ஒரு மணி நேரம் இப்படிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். கவிதை எழுதிய காலத்தைவிட இதில்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் அதிகம் தயங்குகிறேன். ஆசை குறைந்ததா கூடியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லலாம்.

பெரியவர்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் முதல் நாவல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது, இரண்டாவதான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல். நடுவில் சில வருடங்கள் அவர் எழுதாமலே இருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், ஒரே கை எழுதியதென்று நம்ப மனம் வராது. ஒன்றில் ஊர் நடுவே ஒரு புளியமரமும் அதைச் சுற்றி ஜனங்களும். மற்றதில் ஓர் எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகளும் டைரியும். இடைவெளிக்குப் பிறகு பழைய இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று அவர் அடம்பிடித்திருந்தால் இன்னொரு புளியமரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆள் லா.ச.ராமாமிர்தம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதிக் கதையை இறுக்கிக் கட்டியவர். அவரே எழுபதை ஒட்டிய வயதில், ‘தினமணி கதி’ரில் சின்னச் சின்ன நினைவுகளாக எழுதினார். அதுதான் ‘சிந்தாநதி’. 1989ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அந்த நூலுக்குத்தான் கிடைத்தது. அத்தனை வருடச் சிறுகதைகளை விட்டுவிட்டு இதற்கா என்று அப்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது திரும்பப் படிக்கும்போது, துண்டு துண்டாக இருப்பதே அதன் வடிவம் என்று தெரிகிறது. என் மூக்குக்கண்ணாடி மாற வேண்டியிருந்தது.

உ.வே.சாமிநாதையரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து, அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அடுத்தவர் எழுதிய ஏடுகளைத் தேடிப் படித்து, ஒப்பிட்டு, அச்சேற்றுவதில் போனது. தன் வாழ்க்கையைத் தொடராக எழுத அவர் உட்கார்ந்தபோது வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் ‘என் சரித்திரம்’ தொடங்கியது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை பாதியில் நின்றது. அதில் அவர் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரும் பக்கங்களைப் பாருங்கள். அத்தனை வருடம் அடுத்தவர் சொல்லைச் சிதையாமல் கையாண்டு பழகியவருக்குத்தான், இன்னொருவர் பேசியதை அப்படி அருகில் வைத்து எழுத வரும். நீங்களும் அடுத்தவர் சொல்லை எழுதி எழுதிப் பழகியவர். உங்கள் பிரதியில் அந்த ‘தாயி’ வந்து விழுந்த இடம் அப்படித்தான் வந்திருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கவுண்டரில் நீங்கள் கேட்டவையெல்லாம் ஒரு நம்பிக்கையில் சொல்லப்பட்டவை. தபால் ஊழியர் அடுத்தவர் செய்தியை வெளியில் சொல்லக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் அந்தக் கடமையும் ஓய்வு பெற்றுவிடுகிறது என்று நினைக்காதீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர்க்காரர் படித்தால் ‘இது இன்னாருடைய தாயார்’ என்று சொல்லிவிடுவார். ஊரை மாற்றுங்கள், மகனின் குற்றத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் சிறையை ராணுவமாகவோ பம்பாய் மில்லாகவோகூட மாற்றலாம். மாடு இருந்தால் போதும். குடும்பத்தார் யாராவது இருந்து, அவர்களிடம் படித்துக் காட்ட முடியுமானால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அது உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

கைபேசி விஷயம். மகன் சொல்வதில் தவறில்லை. அவன் அக்கறையாகத்தான் சொல்கிறான். சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. வை.மு.கோதைநாயகி அம்மாள் தொடக்கத்தில் எழுதத் தெரியாதவர். தன் முதல் படைப்பான ‘இந்திரமோஹனா’ நாடகத்தைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார். பிறகு தாமே எழுதக் கற்று, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். ஆனால் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது ஒரு தோழி. முகம் சுளித்திருப்பார், சிரித்திருப்பார், ‘அப்புறம்?’ என்று கேட்டிருப்பார். கைபேசி அப்புறம் என்று கேட்காது. தவிர, நீங்கள் சொல்கிறவர் இல்லை; எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எழுதியவர். எனவே முதல் வடிவம் பேனாவில் இருக்கட்டும். எழுதி முடித்த பிறகு அதைக் கைபேசியிடம் உரக்கப் படியுங்கள். இரண்டு பயன் கிடைக்கும். படி ஒன்று தயாராகிவிடும். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ அந்த இடத்தில் வாக்கியம் சரியில்லை என்றும் தெரிந்துவிடும். அது ‘ழ’வையும் ‘ள’வையும் குழப்பி வைக்கும். அதைத் திருத்துவதை மகன் தலையில் கட்டிவிடுங்கள், கொஞ்சம் தமிழும் கற்றுக்கொள்வான்.

விரல் மூட்டு வலிக்கிறது, எழுத்து பெரிதாகிவிட்டது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பெரிதாக எழுதுங்கள். ரூல் போடாத நீள நோட்டு வாங்கி, வலது பக்கம் மட்டும் எழுதி, இடது பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஏதாவது ஞாபகம் வரும், அதற்கு அந்த இடம். ஒரு பக்கத்தில் நின்றால் நின்ற இடத்திலேயே விடுங்கள், வலிந்து இழுக்காதீர்கள்.

பதிப்பாளரிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அச்சுக் கோத்த காலத்தில் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி என்பது வழக்கம். அதற்குக் குறைத்தால் கட்டுப்படியாகாது. இன்று ஐம்பது, நூறு என்றுகூட அச்சடிக்க முடிகிறது. அப்படியிருக்க முந்நூறு பிரதியை உங்கள் செலவில் அடித்து, உங்கள் வீட்டுப் பரணிலேயே ஏற்றுவதற்குப் பதிப்பாளர் எதற்கு? பணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அப்போது அவர் அச்சகக்காரர். அந்தக் கணக்கில்தான் பேச வேண்டும். எத்தனை பிரதி உங்களுக்கு வரும், விற்பது யார், உரிமை யாரிடம், மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்துவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று தனித்தொகை கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். நம் நாட்டில் அந்த எண்ணுக்குக் கட்டணமே இல்லை. அரசு நூலகங்கள் உங்கள் நூலை வாங்கும் ஆணையை, அதாவது நூலக ஆணையை, வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்து பார்க்கலாமே. ஒன்பதாம் வகுப்பில் நடத்தினீர்களே ஒரு கையெழுத்துப் பத்திரிகை. ஒரே ஒரு பிரதி, வீடு வீடாகப் போய்த் திரும்பும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். கடைசி நான்கு பக்கத்தைப் படித்தவர்கள் கருத்து எழுத விட்டுவைப்போம். அச்சில் வந்த எதற்கும் எனக்கு அவ்வளவு நேர்மையான விமர்சனம் கிடைத்ததில்லை. ‘இந்தக் கவிதையை எழுதியவர் மறுபடி எழுதாமல் இருந்தால் நல்லது’ என்று ஒருவர் பென்சிலில் எழுதியிருந்தார். உங்கள் குறிப்புகள் இருபது சேரட்டும். அதை அப்படி ஒரு நோட்டாக்கி, உங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐந்து பேருக்குச் சுற்றுக்கு விடுங்கள். தபால்காரர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதிய செய்தி போய்ச் சேர்ந்த வீட்டு வாசலில் நின்றது அவர்தான். கடைசிப் பக்கங்களைக் காலியாக விட மறக்காதீர்கள். வீட்டாரிடம் கொடுக்க வேண்டாம். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘கவுண்டர் பேனாவை நூலில் கட்டி வைத்தும் மாதத்துக்கு இரண்டு காணாமல் போகும், யார் எடுப்பது என்று எனக்குத் தெரியும், கேட்டதில்லை.’ ஏன் கேட்கவில்லை? அதை எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். நீங்கள் வைத்த சுயவிலாச உறை என்னிடமே இருக்கிறது. நீங்கள் எழுதும் பக்கம் வந்து சேர்ந்ததும் அந்த உறையைப் பதிலோடு திருப்பி அனுப்புகிறேன்.